மிதித்தால் போதுமா, தொட வேண்டுமா? சாஃப்ட்பாலில் ரன்னர் அவுட் ஆகும் கணக்கு

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களை சாஃப்ட்பாலில் முதலில் குழப்புவது இதுதான். சில நேரம் ஃபீல்டர் பந்தோடு பேஸை (ரன்னர் ஓடிச் சேர வேண்டிய மூலையை) மிதித்தாலே ரன்னர் அவுட். சில நேரம் அதே பேஸில் பந்தால் ரன்னரின் உடம்பைத் தொட்டாக வேண்டும். அம்பயர் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த ரன்னருக்குத் திரும்பிப் போக இடம் இருக்கிறதா?

ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம். முதல் பேஸில் ஒருவர் நிற்கும்போது பேட்டர் தரையோடு அடித்துவிட்டு ஓடிவந்தால், நிற்பவர் இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் ஃபோர்ஸ். அது இருக்கும்வரை, ரன்னர் வந்து சேருமுன் இரண்டாம் பேஸை மிதித்தால் போதும்.

இப்போது பந்து முதல் பேஸ் ஃபீல்டர் கைக்குப் போகிறது. அவர் முதலில் தன் பேஸை மிதிக்கிறார், பேட்டர் அவுட். பின்னால் வருபவர் இல்லாததால் முன்னால் ஓடுபவருக்கு இருந்த கட்டாயமும் அந்தக் கணமே போய்விட்டது. அடுத்து பந்தை இரண்டாம் பேஸுக்கு எறிந்தால், அங்கே மிதிப்பது பயன்படாது. ரன்னரைத் தொட வேண்டும். வரிசையை மாற்றி முதலில் இரண்டாம் பேஸுக்கு எறிந்திருந்தால், இரண்டு இடத்திலும் மிதித்தே முடித்திருக்கலாம். நல்ல அணிகள் பயிற்சியில் இந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் பழகுவது இதற்காகத்தான்.

ரன்னும் இதில் சிக்குகிறது. இன்னிங்ஸை முடிக்கும் மூன்றாவது அவுட் ஃபோர்ஸாக இருந்தால், அதற்கு முன்பே ஒருவர் ஹோம் பிளேட்டை (சுற்றி வந்து ரன் எடுக்கத் தொட வேண்டிய கடைசி இடத்தை) தொட்டிருந்தாலும் ரன் கிடையாது. ரன்னரைத் தொட்டு எடுத்த அவுட் என்றால், ஹோம் பிளேட்டைத் தொட்டது முந்தியதா, அவுட் முந்தியதா என்று பார்ப்பார்கள்.

உயரே போன பந்தைப் பிடித்தால், ரன்னர் தன் பேஸைத் தொட்டுவிட்டுத்தான் முன்னேறலாம். பந்து ஃபீல்டர் மேல் முதன்முதலாகப் பட்டதுமே அவர் கிளம்பலாம். கையில் முழுமையாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இல்லையென்றால், பந்தைக் கையில் தட்டித் தட்டி ஓடிவந்தே ஃபீல்டர் ரன்னரைக் கட்டிப்போட்டுவிடுவார். மிக நியாயமான விதி இது.

பேஸ்பாலைப் போல முன்கூட்டியே சில அடி நகர்ந்து நிற்கவும் முடியாது. வேகப்பந்து சாஃப்ட்பாலில் பேஸ்களுக்கு இடையே 60 அடிதான்; பேஸ்பாலில் 90. இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்தச் சலுகையும் சேர்ந்தால் பேஸ் திருடுவது (பேட்டர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) மிகச் சுலபமாகிவிடும். அதனால் பிட்சர் (பேட்டருக்குப் பந்தை எறிபவர்) கையிலிருந்து பந்து விடுபடும்வரை கால் பேஸில் இருக்க வேண்டும். முன்பே எடுத்தால் அவுட்.

ஆட்டம் அடங்கி, பந்து பிட்சரின் வட்டத்துக்குள் அவர் கையில் வந்தபின், பேஸை விட்டு நடுவில் நிற்கும் ரன்னர் உடனே முன்னே போக வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். ஒரு பக்கம் கிளம்பியபின், பிட்சர் வேறு யாரையும் அவுட் ஆக்க முயலாத நிலையில், மனம் மாறித் திரும்பினாலும் அவுட்தான்.