டைமிங் – நேரமைவு

தோட்டத்து ஆயில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற கொங்கு நாட்டுப் பட்டறைகளில், "டைமிங் பாத்தாச்சுங்களா?" என்று கேட்ட பிறகுதான் ஹேண்டிலைத் தொடுவார்கள். டைம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பகுத்தலைக் குறிக்கும் பழைய வேர் ஒன்றைக் காட்டுவர். இன்ஜினுக்குப் பொருந்துவது அந்த வேர்ப்பொருள்தான். இங்கே மணிக்கணக்கு இல்லை. ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தின் 360 டிகிரியில் எந்த இடத்தில் வால்வு திறக்கும், எந்த இடத்தில் டீசல் பீச்சும் என்பதே கணக்கு.

மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்திலும் இது உண்டு. நீர் மொள்ளும் சால் மேலே வந்ததும் தண்ணீர் தானாகக் கொட்டுவதற்கு சாலின் தோல் வாலைப் பிடித்திருக்கும் வால்கயிற்றின் நீளமே காரணம். கயிறு நீண்டுபோனால் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிடும்.

டைமிங்கை 'நேரக் கணிப்பு' என்று எழுதுவது தவறு. இங்கே எதையும் கணிப்பதில்லை, அமைக்கிறோம். நேர்தல் என்றால் நிகழ்தல். நேர் என்றால் ஒரே கோட்டில் நிற்பது. கியர்க் குறிகள் நேராக நிற்பதையும் வால்வு திறப்பு நேர்வதையும் சேர்த்துச் சொல்ல 'நேரமைவு' நல்ல சொல். அட்வான்ஸ் முந்தல், ரிடார்டு பிந்தல்.

வீல் இருக்கும் தண்டின் கிராங்க் கியரில் 30 பல், வால்வைத் திறக்கும் தண்டின் கேம் கியரில் 60 பல் என்றால், ஒரு பல் தப்பினாலே வீலில் 12 டிகிரி போய்விடும். டீசல் முந்தினால் இன்ஜின் இடிக்கும், ஹேண்டில் திருப்பி அடித்துக் கையை முறிக்கும். பிந்தினால் புகையும் சூடும், இழுவை இருக்காது.

நேரமைவு பார்க்க முதலில் டாப், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், சரியாகத் தெரிய வேண்டும். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாததுபோல் நிற்கும், கண்ணை நம்பக் கூடாது. உச்சிக்கு முன்னும் பின்னும் பிஸ்டன் 10 மி.மீ. இறங்கியிருக்கும் இடங்களை வீலில் குறித்து, நடுவை எடுக்க வேண்டும். 600 மி.மீ. விட்டமுள்ள வீலில் ஒரு டிகிரி சுமார் 5.2 மி.மீ. மாறி மாறி வரும் இரண்டு டாப்பில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் டாப்தான் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் டாப். வால்வை அழுத்தும் ராக்கர் இரண்டும் அசைந்தால் அது மற்ற டாப்.

பிறகு டீசல் பீச்சும் பம்ப்பின் டெலிவரி வால்வைக் கழற்றிவிட்டு அதன் ஹோல்டரை மட்டும் பூட்டி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை முழுதாகத் திறந்து, வீலை மெல்லச் சுற்றினால் டீசல் வழியும். வழிவது நிற்கும் இடமே பீச்சத் தொடங்கும் இடம். அது இன்ஜினுக்குரிய குறிக்கு முன்பே நின்றால், பம்ப் அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு சேர்த்துப் பிந்த வைக்கலாம். குறியைத் தாண்டிவிட்டால் வீலைச் சற்றே பின்னுக்குத் திருப்பிப் பார்க்கக் கூடாது. கியர் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். நன்றாகப் பின்னே கொண்டுபோய், ஓடும் திசையிலேயே மறுபடி வர வேண்டும்.