கறுப்புப் பொருக்கும் இரண்டு மருந்தும்

மழைக்காலத்தில் ரப்பர் விளைக்குள் இறங்குகிறவர்கள் பயப்படுவது அட்டைக்குத்தான். காலில் உப்பும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு போவதும், வீடு திரும்பியதும் விரலிடுக்கு முதல் முட்டுவரை தடவிப் பார்ப்பதும் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் சாதாரணம். அட்டை ரத்தம் குடிக்கும், அவ்வளவுதான். அதே சருகிலும் அதே புல் நுனியிலும் இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் தேடுவதில்லை, ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளமுள்ள சிற்றுண்ணிக் குஞ்சு அது. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அதன் வழியாகத்தான் மனிதனுக்கு வருகிறது.

நாய், மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி வேறு, இது வேறு. இந்தச் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்றுகொண்டு கழிக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் பருவத்தில் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை, அதற்கு விலங்கின் உடல் தேவைப்படுகிறது. வழக்கமாக எலி கிடைக்கும். எலி வரும் வழியில் நாம் குத்தவைத்துப் புல் அறுத்தால் நாம் கிடைப்போம். மூச்சுக்காற்றின் வாடையும் உடல் சூடும் தெரிந்ததும் தொற்றி ஏறி, வேட்டி மடிப்பு, பாவாடை நாடா, உள்ளாடை ஓரம் என்று துணி இறுக்கும் இடத்தில் நின்றுவிடும். ரத்தம் குடிக்காது. எச்சிலைத் தோலுக்குள் விட்டுத் திசுவைக் கரைக்கும். எச்சில் பட்ட இடத்தில் தோல் இறுகி ஒரு குழல் உருவாகும். அந்தக் குழல் வழியே கரைந்த திசுவை இரண்டு மூன்று நாள் உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். வலியும் கிடையாது, பெரிதாக அரிப்பும் கிடையாது. கிருமி எச்சிலோடு உள்ளே போயிருக்கும். தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கிருமி வந்துவிடுவதால், எலியை ஒழித்தாலும் மண்ணில் இருக்கும் சரக்கு தீர்ந்துபோவதில்லை.

தமிழ்நாட்டின் மற்ற பல மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் இந்தக் காய்ச்சல் கூடும். அதாவது புரட்டாசிக்குப் பிறகு தொடங்கி, மாசி வரை. கன்னியாகுமரிக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. முதல் போக நெல்லான கன்னிப்பூ அறுவடை முடிந்து அடுத்த போகமான கும்பப்பூ நடும்போதும் வரப்பில் புல் காய்ந்திருக்காது. மலையடிவாரத்து விளைகளில் புதர் ஓய்வதே இல்லை. எனவே ‘இது சீசன் இல்லையே’ என்று இந்தக் காய்ச்சலை ஒதுக்கிவைக்க இந்த மாவட்டத்தில் வசதியில்லை.

கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். தலைவலி, உடம்புவலி, சிலருக்கு இருமல், வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போய் “நாலு நாளா பனி (காய்ச்சல்) விடல டாக்டர்” என்றால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் பிளேட்லெட் குறைந்திருக்கும். முடிந்தது கதை, டெங்குதான் என்று நாமே தீர்ப்பு எழுதி, பப்பாளி இலை தேடிப் புறப்பட்டுவிடுகிறோம். ஆனால் ஸ்க்ரப் டைபஸிலும் பிளேட்லெட் குறையும். எலிக்காய்ச்சலிலும் (லெப்டோஸ்பைரோசிஸ்) குறையும். டெங்குவுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது, நீர்ச்சத்தைக் கவனிப்பதுதான் சிகிச்சை. மற்ற இரண்டுக்கும் மலிவான, நல்ல மருந்து இருக்கிறது. அதனால்தான் இந்த இடத்தில் ஆள் மாறிப்போனால் நஷ்டம் அதிகம்.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. ஜப்பான்காரர்கள் வைத்த பெயர், வாயில் நுழைய வேண்டிய அவசியமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது அதன் பழக்கம். அது நம் செல்லுக்குள் புகுந்தால்தான் வாழும், பெருகும். ரத்தக்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள் அதற்கு மிகவும் பிடித்த இடம். செல் ஒரு பைக்குள் வைத்து அதை விழுங்கும். அந்தப் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, செல்லுக்குள் இருக்கும் நுண்குழல் பாதைகளைப் பிடித்து உட்கரு அருகே போய்ச் சேரும். அங்கே பெருகி, செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு மொட்டுவிடுவதுபோல் வெளியேறும். இப்படி உடம்பு முழுக்க நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியடைந்து கசியத் தொடங்குகிறது. நுரையீரலில் கசிந்தால் மூச்சுத்திணறல். மூளையில் என்றால் குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு. சிறுநீரகம் சுணங்கும், ரத்த அழுத்தம் விழும். முதல் வாரத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத் திரியும் ஆள், இரண்டாவது வாரத்தில் ஐசியுவில் கிடப்பது இப்படித்தான்.

ஒருபக்கம் ஊசிமேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்கும் காரணம் கிருமியின் உடலமைப்புதான். பென்சிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் எல்லாம் பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கிற மருந்துகள். ஓரியன்ஷியாவுக்கு அந்தச் சுவர் பெயருக்குத்தான் இருக்கிறது. இடிக்கச் சுவரில்லாத இடத்தில் கடப்பாரையால் என்ன செய்வது? டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவை வேறு வழியில் போகின்றன. அவை செல்லுக்குள்ளும் நன்றாக நுழையும். கிருமி புரதம் தயாரிப்பதையே நிறுத்தும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? எலைசா ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் அது தேடுவது கிருமியை அல்ல, நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. எதிர்ப்பொருள் தெரிகிற அளவுக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே எடுத்துப் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால், அதை நம்பி நிம்மதியடைய முடியாது. பிசிஆர் சோதனை கிருமியின் மரபுப்பொருளையே தேடும். ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது.

எந்தக் கருவியும் வேண்டாத ஒரு தடயமும் உண்டு. குஞ்சு கடித்த இடத்தில் திசு செத்து, கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். சுற்றிலும் சிவந்த விளிம்பு. சிகரெட்டால் சுட்ட காயம் போல இருக்கும். எல்லாருக்கும் வராது, வந்தவர்களுக்கு இதைப்போல் உறுதியான சாட்சி வேறில்லை. சிக்கல் என்னவென்றால் அது ஒளிந்திருக்கும் இடம். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழ், காதுக்குப் பின்புறம், பிறப்புறுப்பு. ஈரமான இடங்களில் கறுப்புப் பொருக்கே இல்லாமல் வெறும் புண்ணாகவும் இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. வரிசையில் நாற்பது பேர் நிற்கும் ஓபியில் யார் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள்? பெண்கள் விஷயத்தில் இன்னும் கஷ்டம். ஒரு நர்ஸ் துணையோடு திரைக்குப் பின்னால் இரண்டு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய விஷயம், அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததால் தவறிப்போகிறது. குளிக்கும்போது வீட்டில் பார்த்துவிட்டுப் போய் டாக்டரிடம் காட்டுவது உத்தமம்.

மருந்துக் கதை பழையது. இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் சண்டையிட்ட படைகளை இந்தக் காய்ச்சல் வாட்டி எடுத்தது. அப்போது மருந்தில்லை. 1948-இல் கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிகால் கொடுத்துப் பார்த்தபோது காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. அப்புறம் டாக்சிசைக்ளின் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. 1990-களில் வடக்கு தாய்லாந்தில் சில நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின் மந்தமாகத்தான் வேலை செய்கிறது என்று தெரியவந்து, கிருமி பழகிவிட்டதோ என்ற சந்தேகம் கிளம்பியது. அசித்ரோமைசினைத் தேடிப் போனவர்களுக்கு அதுவும் ஒரு காரணம். இரண்டில் எது மேல் என்பதற்கு இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, லேசான நோயாளிகளிடம் செய்தவை. உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பதில் ஒவ்வொரு மருத்துவரும் தன் அனுபவத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இந்த இடத்தை நிரப்பிய ஆய்வு நம் நாட்டில் நடந்தது. வேலூர் சிஎம்சியின் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகள் சேர்ந்து செய்தன. முடிவு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சேர்க்கப்பட்டவர்கள் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், குறைந்தது ஓர் உறுப்பாவது பாதிக்கப்பட்ட கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள். கணக்கில் வந்தவர்கள் 794 பேர். குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து. எல்லாமே ரத்தக்குழாய் வழியாக, 7 நாள். ஒரே மருந்து பெறுகிறவர்களுக்கு இன்னொன்றின் இடத்தில் மருந்தில்லாத வெறும் திரவம் ஏறும். யாருக்கு என்ன ஏறுகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ‘இரண்டு மருந்து போட்டிருக்கிறோம், தேறிவிடுவார்’ என்ற நம்பிக்கை அளவீட்டைக் கெடுத்துவிடக் கூடாதே, அதற்காக.

வெற்றி தோல்வியை எப்படி அளந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 28 நாளுக்குள் இறந்தாலோ, 7-ஆம் நாளிலும் உறுப்புப் பாதிப்பு தீராமல் இருந்தாலோ, 5-ஆம் நாளிலும் காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, மூன்றில் எது நடந்தாலும் சிகிச்சை பலிக்கவில்லை என்று கணக்கு. டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதத்தினருக்கு இப்படி ஆனது. அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம். இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம். ஏழெட்டுப் பேருக்குச் சேர்த்துக் கொடுத்தால் அதில் ஒருவர் இந்தத் தொல்லையிலிருந்து தப்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவிளைவு மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏன் இரண்டு சேர்ந்தால் நன்றாக வேலை செய்கிறது? பாக்டீரியா புரதம் தயாரிக்கும் இடம் ரைபோசோம். அதற்குச் சிறியது, பெரியது என்று இரண்டு பகுதி. டாக்சிசைக்ளின் சிறிய பகுதியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அமினோ அமிலம் வந்து சேர விடாமல் தடுக்கும். அசித்ரோமைசின் பெரிய பகுதியில் உட்கார்ந்து, உருவாகும் புரதச் சங்கிலி வெளியே வரும் வழியை அடைக்கும். ஒன்றிலிருந்து நழுவியது இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இனி, செய்தித் தலைப்புகள் சொல்லாமல் விட்ட பகுதி. இறப்பு விகிதத்தில் மூன்று குழுவுக்கும் வேறுபாடு இல்லை. அதாவது 33-க்கும் 47-க்கும் இடையில் இருக்கும் நன்மை பெரும்பாலும் உறுப்புகள் சீக்கிரம் தேறுவதில் இருக்கிறது. ஐசியுவில் ஒரு நாளுக்கு என்ன செலவாகும் என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் ‘கூட்டு மருந்து உயிரைக் காப்பாற்றும்’ என்று எழுதினால் அது பொய். என் கணிப்பு, ரத்தக்குழாய்கள் அந்த அளவுக்குக் கெட்டபிறகு, கிருமியை எவ்வளவு வேகமாகக் கொன்றாலும் பிழைப்பது உடலின் கையில்தான் இருக்கிறது. கொஞ்சம் முன்னதாகவே, பேச்சும் நடையும் இருக்கும்போதே, மாத்திரையாகக் கொடுத்திருந்தால் இந்த ஆய்வில் சேரவேண்டிய நிலையே பலருக்கு வந்திருக்காது. லேசான நோய்க்கு இரண்டு மருந்தும் வேண்டும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அங்கே இரண்டில் டாக்சிசைக்ளின் மட்டும், மாத்திரையாகவே போதும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின்.

தடுப்பு பற்றி இரண்டு வார்த்தை. தடுப்பூசி இன்னும் இல்லை. கிருமியில் பல ரகம் இருக்கிறது. ஒரு ரகம் தாக்கி உண்டாகும் எதிர்ப்பு இன்னொரு ரகத்துக்கு நெடுநாள் உதவுவதில்லை, அதனால் ஒருவருக்கே மறுபடியும் வரலாம். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் சாப்பிட்டால் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்பது பனாமா காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கச் சிப்பாய்களிடம் சோதித்து 1984-இல் வெளியானது. 940 பேர் பங்கெடுத்த அந்தச் சோதனையில் மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் மீட்புப் பணிக்குப் போனவர்களுக்கு இதே முறையில்தான் மாத்திரை கொடுத்தார்கள். ஸ்க்ரப் டைபஸுக்கும் சிப்பாய்களிடம் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் சிப்பாய்க்குச் சில வாரப் பயிற்சி, வெள்ளத்துக்குச் சில வாரம். வருஷம் பூராவும் ரப்பர் பால்வெட்டப் போகிறவருக்கு ஆயுள் முழுக்க வாராவாரம் ஆன்டிபயாடிக் கொடுப்பது நடக்கிற காரியமில்லை, நல்லதுமில்லை. அவருக்கு முழுக்கைச் சட்டை, முட்டுவரை பூட்ஸ், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியல், போட்ட துணியை அன்றே துவைத்தல், புல்மேல் துணி உலர்த்தாமை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே.

காய்ச்சல் என்று போனால், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். பாதித் தொண்டையில் நின்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வழக்கமாக இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும், ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். மாத்திரை அதோடு நின்றுவிடக் கூடாது. பாதியில் விட்டவர்களில் சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அதே காய்ச்சல் திரும்ப வந்திருக்கிறது.