பத்து முறை எழுதினால் மனத்தில் பதியுமா?

வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. மறுநாள் பள்ளியில் தமிழ்ச் சொல்வதெழுதுதல். சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ‘அருங்காட்சியகம்’ என்ற சொல்லைப் பத்து முறை எழுதிக்கொண்டிருந்தான். எழுதச் சொன்னது நான்தான். சின்ன வயதில் என்னையும் அப்படித்தான் எழுத வைத்தார்கள். பால் டம்ளரை வைக்கப் போனபோது அவன் எழுதும் விதத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். முதலில் ‘அ’வை மேலிருந்து கீழாகப் பத்து வரிகளிலும் எழுதினான். அடுத்து அதன் பக்கத்தில் ‘ரு’, மறுபடியும் மேலிருந்து கீழாக. பிறகு ‘ங்’. கடைசி ‘ம்’ வரிசை முடிந்தபோது தாளில் பத்து அருங்காட்சியகங்கள் வரிசையாக நின்றன. ஒன்றைக்கூட அவன் ஒரு முழுச் சொல்லாக எழுதவில்லை.

ஏட்டை மூடிவிட்டு, “பார்க்காம ஒரு தடவ எழுது கண்ணா” என்றேன். ‘அருங்காச்சி’ வரை வந்து நின்றான்.

அவனைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கண் முன்னே எழுத்து இருக்கும்போது அதை நினைவிலிருந்து எடுக்க வேண்டிய தேவை மூளைக்கு இல்லை. கண் பார்க்கிறது, கை எழுதுகிறது, வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. நினைவு என்பது நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இணைப்புகளின் வலிமையில் இருக்கிறது. ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அதற்கான இணைப்புகள் மீண்டும் இயங்குகின்றன; இயங்க இயங்க வலுப்பெறுகின்றன. இறைத்த கிணறு ஊறும் என்று நம் பெரியவர்கள் சொன்னது நினைவுக்கும் பொருந்தும்.

இதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சில பகுதிகளை மாணவர்கள் இன்னொரு முறை படித்தார்கள். மற்றவற்றை மறுபடி படிக்காமல், நினைவில் இருப்பதை எல்லாம் தாளில் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்த பகுதியில் 81 விழுக்காடு நினைவில் இருந்தது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்த பகுதியில் 75 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். படித்துப் படித்துப் பார்த்தது 42 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. எழுதிப் பார்த்தது 56 விழுக்காட்டில் நின்றது.

நம் வீட்டு மேசையில் நடக்கும் ஏமாற்றத்தை அந்த முதல் 5 நிமிடம் அப்படியே விளக்குகிறது. திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளை கடகடவென்று ஒப்பிப்பான். நமக்கும் திருப்தி, அவனுக்கும் திருப்தி. பார்க்காமல் எழுத முயலும் பிள்ளை தடுமாறுவான், எரிச்சல்படுவான், பாதியில் “தெரியாதும்மா” என்பான். பார்க்கிறவர் கண்ணுக்கு முதல் பிள்ளைதான் நன்றாகப் படிக்கிறான் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால்தான் தெரியும்.

மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-இல் அதை வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக அடுக்கி, தானே மனப்பாடம் செய்து, குறிப்பிட்ட நேரம் கழித்து மறுபடி மனப்பாடம் செய்தார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். 20 நிமிடம் கழித்துப் படித்தால் 58 விழுக்காடு மிச்சம். ஒரு மணி நேரத்தில் அது 44 ஆகிவிட்டது. ஒரு நாளில் 34. ஆனால் 31 நாள் கழித்தும் 21 விழுக்காடு மிச்சம் இருந்தது. மறதி முதல் நாளில் மலைச்சரிவு போல விழுகிறது, பிறகு மெல்ல மெல்லத்தான் சரிகிறது. பொருளுள்ள சொற்கள் இவ்வளவு வேகமாக மறப்பதில்லை என்றாலும் போக்கு இதுதான்.

அந்தச் சரிவின் நடுவே ஒருமுறை நினைவைத் தட்டி எழுப்பினால் அடுத்த சரிவு மெதுவாகிறது. அதனால் வியாழன் இரவு ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் உட்கார்வதைவிட, திங்கள், செவ்வாய், வியாழன் என்று பத்துப் பத்து நிமிடம் உட்கார்வது கூடுதல் பலன் தரும். கொஞ்சம் மறந்த பிறகு தேடிப் பிடிப்பதுதான் பயன் தருகிறது. சற்று முன் பார்த்ததைத் திருப்பிச் சொல்வதில் தேடல் எதுவும் இல்லை. ஆண்டு இறுதி வரை நிற்க வேண்டிய பாடமென்றால் இடைவெளியும் நாள்களிலிருந்து வாரங்களாக நீள வேண்டும்.

சரி, ‘அருங்காட்சியகம்’ ஏன் பாதியில் நின்றது? அ, ரு, ங், கா, ட், சி, ய, க, ம். ஒன்பது எழுத்து. நாம் ஒரு நேரத்தில் மனத்தில் தாங்கி வேலை செய்யக்கூடிய பொருள்கள் மிகக் குறைவு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் அதை ஏழுக்கு இரண்டு கூடவோ குறையவோ என்றார்; நெல்சன் கோவன் 2001-இல் ஏறக்குறைய நான்குதான் என்று வாதிட்டார். சிறு பிள்ளைகளுக்கு அதுவும் குறைவு. ஆனால் அந்தப் பொருள் ஓர் எழுத்தாகவும் இருக்கலாம், ஒரு முழுச் சொல்லாகவும் இருக்கலாம் என்பதில்தான் வழி இருக்கிறது. அருமை, காட்சி, அகம். அரிய காட்சிகள் இருக்கும் இடம். மகனிடம் இதைச் சொன்னபோது, “அப்போ காட்சிக்கும் அகத்துக்கும் நடுவுல ‘ய’ எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டான். ‘சி’யில் முடிந்து ‘அ’வில் தொடங்கினால் இரண்டையும் ஒட்டவைக்க ஒரு ‘ய்’ வரும் என்றேன். உடம்படுமெய் என்ற பெயரைச் சொல்லவில்லை, அந்த வயதுக்கு அது தேவையில்லை. ஒன்பது எழுத்து மூன்று துண்டானது. மூன்றையும் அவன் ஏற்கெனவே அறிந்திருந்தான். தமிழில் நீளமான சொற்கள் பெரும்பாலும் இப்படிப் பிரிந்து கொடுக்கும். நூலகம், மருத்துவமனை, பேருந்து என்று எதை எடுத்தாலும் உள்ளே தெரிந்த சொல் ஒன்று உட்கார்ந்திருக்கும். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய கைப்பிடி.

கணக்கிலும் இதே இடுக்கண்தான். “மீனாவிடம் இருப்பதைப்போல 3 மடங்கு ஸ்டிக்கர்கள் அருணிடம் உள்ளன. அருணிடம் 24 ஸ்டிக்கர்கள் அதிகம். இருவரிடமும் மொத்தம் எத்தனை?” படிக்கும்போதே மனத்தில் இரண்டு பேர், ஒரு மடங்கு, ஒரு வித்தியாசம், ஒரு மொத்தம் என்று இடம் நிரம்பிவிடுகிறது. சிங்கப்பூரில் 1980-களில் கோ தெக் ஹோங் தலைமையிலான பாடத்திட்டக் குழு உருவாக்கிய கட்டப்பட முறை இந்தச் சுமையைத் தலையிலிருந்து தாளுக்கு இறக்குகிறது. மீனாவுக்கு ஒரு கட்டம், அருணுக்கு மூன்று கட்டம் வரைந்தால் மிஞ்சி நிற்கும் இரண்டு கட்டம் 24 என்று கண்ணுக்கே தெரிகிறது. ஒரு கட்டம் 12, நான்கு கட்டம் 48. நாம் ஊரில் எக்ஸ், ஒய் போட்டுப் படித்தவர்களாக இருப்போம். பிள்ளை கட்டம் வரையும்போது அதை அழித்துவிட்டு நம் முறையைத் திணிக்கத் தோன்றும். வேண்டாம். அந்தப் படம் அவனுடைய மனத்துக்கு ஒரு கூடுதல் மேசை.

இனி, பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் நாம் எல்லாரும் கேட்கும் கேள்வி: “இன்னிக்கு என்ன படிச்ச?” வரும் பதிலும் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான்: “ஒண்ணுமில்ல.” இதைப் பிடிவாதம் என்று நினைத்து நான் பலமுறை கோபப்பட்டிருக்கிறேன். கார்பிக்கும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு என் கோபத்தைத் தணித்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் படித்ததை எல்லாம் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் அவர்களால் மிகக் கொஞ்சமே நினைவுகூர முடிகிறது. பெரியவர்களுக்குப் பலன் தரும் அதே முறை, துணைக்குறிப்பு இல்லாமல் சிறு பிள்ளைகளுக்குப் பலன் தருவதில்லை. குறிப்பு கொடுத்தால் தருகிறது. கிணற்றில் நீர் இருக்கிறது, கயிறு மட்டும் எட்டவில்லை. “காந்தத்துக்கு ரெண்டு முனை இருக்குன்னு சொன்னியே, ஒரே மாதிரி முனை ரெண்டையும் பக்கத்துல வச்சா என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வரும்.

எங்கள் வீட்டில் இதைச் சிறப்பாகச் செய்பவர் என் அம்மா. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அறிவியல் இங்கே தொடக்கநிலை மூன்றில்தான் தொடங்குகிறது. சென்ற ஆண்டு காந்தப் பாடம் வந்தபோது மகன் புத்தகத்தில் இருந்த ஆங்கில வரிகளை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தான். பாட்டி வெங்காயம் உரித்தபடியே, “எனக்குப் புரியலைய்யா, தமிழ்ல சொல்லு” என்றார். அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். ஒரு மொழியில் நெட்டுருப் போட்டதை இன்னொரு மொழியில் ஒப்பிக்க முடியாது; பொருள் பிடிபட்டிருந்தால்தான் வார்த்தை வரும். தயங்கித் தயங்கி, “இரும்புல ஒட்டும் பாட்டி, எல்லா உலோகத்துலயும் ஒட்டாது” என்றான். குளிர்பதனப் பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு இருவரும் சமையலறையைச் சுற்றினார்கள். மைலோ டின்னில் ஒட்டியது. குத்துவிளக்கில் ஒட்டவில்லை, அது பித்தளை. எவர்சில்வர் டம்ளரிலும் ஒட்டவில்லை. “எவர்சில்வரும் இரும்புதானேய்யா?” என்று பாட்டி கேட்டார்.

அந்தக் கேள்வி அவன் பாடநூலில் இல்லை. எவர்சில்வரில் பெரும்பகுதி இரும்புதான். ஆனால் துருப்பிடிக்காமலிருக்கக் குரோமியமும், பல வகைகளில் நிக்கலும் கலக்கிறார்கள். நிக்கல் போதிய அளவு சேரும்போது இரும்பணுக்கள் அடுக்கப்படும் முறையே மாறிவிடுகிறது. அந்த அடுக்கில் காந்தம் பிடிப்பதில்லை. மின்தூண்டல் அடுப்புக்கான எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் அதே காந்தம் ஒட்டும். இரண்டையும் ஒட்டிப் பார்த்துவிட்டு அவன் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னான். அதுவும் ஒரு நினைவுகூரல்தான், யாரும் மதிப்பெண் போடாத தேர்வு.

மதிப்பெண் போடாத என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2019-இலிருந்து தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் தேர்வுகள் இல்லை; 2023-க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி இரண்டிலும் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வுகளும் நீக்கப்பட்டன. அதை ஈடுகட்ட வீட்டில் நாமே தேர்வுத்தாள் வாங்கி, நேரம் குறித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் கல்வி அமைச்சு இறக்கி வைத்த சுமையை நாம் மறுபடி ஏற்றுகிறோம். நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சி பலன் தர மதிப்பெண் தேவையில்லை. தவறினால் சரியான விடை உடனே கிடைக்க வேண்டும், அது போதும். 2001-இல் ஜேனட் மெட்காஃபும் ஒரு சக ஆய்வாளரும் கண்ட முடிவு ஒன்று எனக்குப் பிடிக்கும்: உறுதியாக நம்பிச் சொன்ன தவறான விடையைத் திருத்தினால், அந்தத் திருத்தம் அரைகுறையாக ஊகித்த தவற்றின் திருத்தத்தைவிட நன்றாக மனத்தில் நிற்கிறது. அந்த வியப்பு வீணாவதில்லை. திட்டு வாங்கும் பயத்தில் பிள்ளை ஊகிக்கவே மறுத்தால் அதுவும் கிடைக்காது.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சுமார் ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, “தெரியாது” என்பது குறைந்தது. வேலை முடிந்து, சமையலும் காத்திருக்கும் ஒரு மாலையில் 3 விநாடி எவ்வளவு நீளம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிறகு தூக்கம். பகலில் பதிந்தவற்றை ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. 1994-இல் எலிகளின் மூளையில் இதை நேரடியாகப் பதிவு செய்தார்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். பள்ளிப் பேருந்துக்காக ஆறு மணிக்கு எழும் பிள்ளை ஒன்பது மணிக்குள் படுத்தால்தான் கீழ்வரம்பையாவது தொட முடியும். பத்து மணிக்கு மேல் எழுதவைக்கும் ஒவ்வொரு பக்கமும் அதிலிருந்து எடுத்துத்தான் எழுதப்படுகிறது.

இப்போது சொற்பட்டியல் வந்த அன்றே பிரித்துப் பார்க்கிறோம். மறுநாள் ஏட்டை மூடிவிட்டு ஒருமுறை எழுதுகிறான். தவறியவை மட்டும் வியாழனுக்குப் போகின்றன. பழைய பட்டியலிலிருந்து ஒன்றிரண்டை இடையிடையே நான் கேட்பேன். சென்ற சனிக்கிழமை தேக்கா போகும் பேருந்தில், மூன்று வாரத்துக்கு முந்தைய சொல்லைக் கேட்டேன். உள்ளங்கையில் விரலால் எழுதத் தொடங்கினான். ‘சி’க்குப் பிறகு விரல் நின்றது. நான் வாயைத் திறக்காமல் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ‘ய’ வந்தது.