உணவுப் பாதுகாப்பா, உணவு உறுதிப்பாடா?

மதுரைப் பள்ளிகளின் புவியியல் வகுப்பில் ‘உணவுப் பாதுகாப்பு என்றால் என்ன?’ என்று கேட்டால், பண்டத்தை ஈ மொய்க்காமல் மூடி வைப்பது, காலாவதியான பொட்டலத்தை வாங்காதிருப்பது என்று விடை சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்கள்மேல் தவறில்லை. உணவின் தூய்மையையும் தரத்தையும் காக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையும், மானிய விலையில் தானியம் பெறும் உரிமையைத் தரும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தமிழில் ‘உணவுப் பாதுகாப்பு’ என்ற ஒரே தொடரால்தான் வழங்குகிறோம். ஆங்கிலத்தில் முன்னது ஃபுட் சேஃப்டி, பின்னது ஃபுட் செக்யூரிட்டி.

செக்யூரிட்டி என்பதன் இலத்தீன் வேர் ‘கவலையற்ற நிலை’ எனப் பொருள்படும். 1974இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு, தானிய வரத்தும் விலையும் குலையாதிருப்பதையே இத்தொடரால் பெரிதும் குறித்தது. 1943 வங்கப் பஞ்சத்தில் மக்கள் மடிந்ததற்குத் தானியத் தட்டுப்பாட்டைவிட அதை வாங்க வழியற்றுப் போனதே காரணம் என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வாதிட்ட பின் பார்வை மாறியது. எல்லா மக்களுக்கும், எக்காலத்திலும், போதுமான, தூய, சத்தான உணவு கைக்கெட்டுவதும் வாங்க முடிவதுமே அதன் பொருள் என 1996ஆம் ஆண்டு ரோம் உச்சி மாநாடு வரையறுத்தது.

‘எக்காலத்திலும்’ என்பதை விளக்க வேறு நாட்டு வரைபடம் தேவையில்லை. மதுரை வட்டாரத்துப் பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான், வைகை அணையில் நீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்கு அதுவும் நிச்சயமில்லை. வயல் காய்ந்து கூலி வேலையும் இல்லாத மாதத்தில் ஒரு வீட்டில் உலை கொதிக்கிறதென்றால், அதற்கு ரேஷன் கடையில் விலையில்லாமல் வாங்கிய அரிசி துணை நிற்கிறது. அரிசி மட்டும் போதாது, பருப்பும் கீரையும் முட்டையும் தட்டில் சேர வேண்டும் என்பதையும் மாணவர்க்குச் சொல்லியாக வேண்டும்.

இக்கருத்து பாண்டிய நாட்டுக்குப் புதிதன்று. ‘உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்று பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பாடிய குடபுலவியனார், ‘உணவெனப் படுவது நிலத்தொடு நீரே’ என்று தொடர்ந்து, நீர்நிலை பெருக்குமாறு அவனை வேண்டுகிறார் (புறநானூறு 18).

ஆகவே செக்யூரிட்டிக்கு ‘உணவு உறுதிப்பாடு’ என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. கைக்கு வந்த உணவைக் கெடாமல் காப்பதைப் ‘பாதுகாப்பு’ குறிக்கட்டும். உணவு தவறாமல் கைக்கு வருவதை ‘உறுதிப்பாடு’ குறிக்கும். சட்டத்தின் பெயரைத் தேர்வில் உள்ளபடியே எழுதச் சொல்லிவிட்டு, பாடம் நடத்தும்போது இவ்விரண்டையும் பிரித்தே வழங்கலாம்.