மாடுலர்: ஒரு சொல் விளக்கம்

மாடுலர் என்ற சொல்லைக் கொங்கு நாட்டில் பெரும்பாலோர் வீடு கட்டும்போதுதான் முதலில் கேட்கிறார்கள். மின்பொருள் கடைக்காரர் ‘சாதா சுவிட்ச்சுங்களா, மாடுலருங்களா?’ என்று கேட்பார். சமையலறைக்கு அலமாரி போட ஆள் தேடினால் ‘மாடுலர் கிச்சனே பண்ணிரலாங்க’ என்பார்கள். இவ்விரண்டுக்கும் அடுத்து, கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் லெகோ என்னும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளை அடுக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பெரியவர்களிடையே இச்சொல் மூன்றாவது இடம் பிடித்திருக்கிறது. அவர்கள் ‘மாடுலர்’ என்று மொட்டையாகச் சொன்னாலே, பல மாடிகளும் உள்ளறைகளும் கொண்டு தெருவில் ஒட்டி ஒட்டி நிற்கும் அந்தப் பெரிய கட்டடத் தொகுப்புகளைத்தான் குறிக்கிறார்கள். சுவிட்ச்சும் சமையலறையும் பொம்மைக் கட்டடமும் ஒரே அடைமொழியைத் தாங்குவது தற்செயல் அன்று. ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ‘கழற்றி மாட்டக்கூடியது’ என்று நாம் கொள்ளும் பொருள் பாதிதான் சரி. கழற்றி மாட்ட முடிவது விளைவு. சொல்லுக்குள் இருப்பது அளவு.

இலத்தீன் மொழியில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதன் குறுமை வடிவம் ‘மோடுலுஸ்’, அதாவது சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் இதைத் தொழிற்சொல்லாகவே ஆண்டார். டோரிக் என்னும் கிரேக்கப் பாணிக் கோயிலின் தூண் இரண்டு மோடுலுஸ் தடிமன் இருக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டு, தூணின் உயரத்தையும் மற்ற உறுப்புகளையும் அதே சிற்றளவின் மடங்குகளாகவே சொல்லிச் செல்கிறார். கோயில் பெரிதானால் சிற்றளவும் பெரிதாகும், விகிதம் மாறாது. இதே மோடுலுஸ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘மோல்டு’ என்றும் திரிந்தது. கோவையின் வார்ப்படப் பட்டறைகளில் பம்பு உறைக்கு மணலில் ‘மோல்டு’ போடுகிறவரும், கடையில் ‘மாடுலர்’ சுவிட்ச் விற்கிறவரும் ஒரே வேரிலிருந்து கிளைத்த இரு சொற்களைத்தான் நாள்தோறும் புழங்குகிறார்கள்.

இந்தக் கருத்து நமக்குப் புதிதன்று. அவிநாசிக்குப் பக்கத்திலுள்ள திருமுருகன்பூண்டியின் சிற்பப் பட்டறைகளில் சிலை வடிக்கும் ஸ்தபதி, முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று எடுத்துக்கொண்டு, உடல் முழுவதையும் அதன் மடங்காகவே பகுக்கிறார். நவதாளம் என்றால் ஒன்பது முக நீளம். ஒரு தாளத்தில் பன்னிரண்டு அங்குலம்; ஆனால் அந்த அங்குலம் டேப்பில் இருக்கும் அங்குலம் அன்று, சிலையின் உயரத்தோடு கூடிக் குறைவது. விட்ருவியுஸின் சிற்றளவும் ஸ்தபதியின் தாளமும் ஒரே வேலையைச் செய்கின்றன.

இனி லெகோவுக்கு வருவோம். டென்மார்க்கின் பில்லுண்டில் 1932-இல் ஒரு தச்சுப் பட்டறையாகத் தொடங்கிய இந்நிறுவனம், ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கித் தனக்குப் பெயராக்கிக்கொண்டது. மேலே குமிழ், உள்ளே குழல் என்ற இப்போதைய பிடிப்பு முறைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டின் கட்டையும் இன்று வாங்கும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். மாடுலர் கட்டட வரிசை தொடங்கியது 2007-இல். முதலில் வந்தது 2056 உறுப்புகள் கொண்ட ‘கஃபே கார்னர்’. வரிசையின் பத்தாம் ஆண்டான 2017-இல் வந்த ‘அசெம்ப்ளி ஸ்கொயர்’ 4002 உறுப்புகள் கொண்டது.

இந்த வரிசையை மாடுலர் ஆக்குவது அதன் அழகோ உறுப்புகளின் எண்ணிக்கையோ அல்ல, அடியில் கிடக்கும் அளவுதான். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். அடித்தகட்டில் நீளத்துக்கு 32 குமிழ், அகலத்துக்கு 32 குமிழ். ஆகவே பக்கம் 256 மில்லிமீட்டர். 2011-இல் வந்த ‘பெட் ஷாப்’ 16 குமிழ் அகலமுள்ள இரண்டு ஒல்லியான வீடுகளாக வந்தது. ‘அசெம்ப்ளி ஸ்கொயர்’ 48 குமிழ் அகலம் எடுத்துக்கொண்டது. பதினாறின் மடங்கைத் தாண்டி எதுவும் போகவில்லை என்பதைக் கவனிக்கலாம். பக்கச் சுவரின் அடிப்பகுதியில், எல்லாக் கட்டடங்களிலும் ஒரே இடத்தில், துளையுள்ள கட்டை வைக்கப்பட்டிருக்கும். அதில் ஊசியைச் செருகினால் பத்தாண்டு இடைவெளியில் வெளியான இரண்டு கட்டடங்களும் ஒரே தெருவில் நடைபாதை ஒட்டி நிற்கும்.

உயரத்தில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. தகடு எனப்படும் மெல்லிய உறுப்பின் உயரம் 3.2 மில்லிமீட்டர், மூன்று தகடு சேர்ந்தால் ஒரு கட்டையின் உயரமான 9.6. ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு குமிழ்களின் அகலம். இந்தச் சமன்பாடு இருப்பதால்தான் ஒரு கட்டையை மேல்நோக்கி வைக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் சுவரில் இடுக்கு விழாமல் அமர்கிறது. இவ்வகைக் கட்டடங்களின் முகப்பில் நாம் வியக்கிற கபோத (கூரை விளிம்பு) வேலைப்பாடு, சன்னல் சட்டம், தொங்கும் பெயர்ப்பலகை எல்லாம் பெரும்பாலும் இப்படித் திருப்பிப் பொருத்தியவையே. கட்டும்போது, எதற்கென்று விளங்காத ஒரு சிறு பாகத்தைத் தனியே பூட்டி வைத்திருப்போம். வழிகாட்டி நூலில் பத்துப் பக்கம் கழித்து அது தொண்ணூறு பாகை திரும்பி முகப்பில் ‘டிக்’கென்று உட்காரும்போதுதான் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கு கைக்குப் புலப்படும்.

மாடிகள் கழலும் விதமும் இதே ஒழுங்கில் வருவது. ஒவ்வொரு தளத்தின் மேல்விளிம்பும் பெரும்பாலும் குமிழில்லாத வழவழப்பான தகடுகளால் மூடப்பட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குமிழ்கள் மட்டும் விடப்பட்டிருக்கும். மேல்தளம் நழுவாமல் நிற்கவும் வேண்டும், இரு கையால் தூக்கினால் சுவர் பெயராமல் வரவும் வேண்டும் என்ற இரண்டு தேவைக்கும் இடைப்பட்ட பிடிப்பு அது.

இங்கே கொத்தனார்களைக் கேட்டால் மாடுலர் என்பதற்கு இன்னொரு விளக்கம் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயத்தில் மாடுலர் செங்கல் என்றே ஒன்று உண்டு. அதன் அளவு 190, 90, 90 மில்லிமீட்டர். நம் பக்கத்தில் ‘ஒம்பது இஞ்சுச் செவுரு’ என்ற பேச்சுக்குக் காரணமான பழைய செங்கல்லோ 9, 4½, 3 அங்குலக் கணக்கில் வருவது. 190 என்ற முழுமையற்ற எண்ணை ஏன் தேர்ந்தார்கள்? செங்கல்லோடு 10 மில்லிமீட்டர் கலவையும் சேர்ந்தால் 200, 100, 100 என்று ஆகிவிடும். சுவரின் நீளத்தைச் செங்கல்லை உடைக்காமல் கணக்கிடலாம். லெகோக் கட்டையிலும் இதே தந்திரம்தான். நான்குக்கு இரண்டு குமிழுள்ள கட்டை ஏட்டுக்கணக்கில் 32 மில்லிமீட்டர் நீளம், உண்மையில் 31.8 தான். பக்கத்துக் கட்டை உராயாமல் அமர விட்ட இடைவெளி அந்தப் புள்ளி இரண்டு. ஆக, மாடுலர் அளவு என்பது பொருளின் அளவு மட்டுமன்று. பொருளும் அது அடுத்ததோடு சேரும் மூட்டும் கூடிய அளவு. தமிழ்ச் சொல் தேடும்போது கைவிடக்கூடாத கருத்து இது.

(சுவிட்ச் விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆறு மாடுல் தகடு, எட்டு மாடுல் தகடு என்று அவர்கள் எண்ணுவது சுவிட்ச்சுகளை அல்ல, இடங்களை. சுவிட்ச் ஓரிடம் கொள்ளும், பிளக் இரண்டிடம் கொள்ளும்.)

மாடுல் என்பதற்குத் தமிழில் கூறு, தொகுதி, அலகு, கட்டகம் ஆகிய சொற்கள் வழங்குகின்றன. கூறு என்பது முழுமையிலிருந்து பிரிந்தது. நம் சந்தைகளில் தக்காளியைக் கூறு கட்டி வைப்பவர், குவியலை முதலில் கொட்டிப் பிறகுதான் பங்கிடுகிறார். மாடுலோ பிரிப்பதற்கு முன்பே, முழுமை உருவாவதற்கும் முன்பே, அளவு குறிக்கப்பட்டது. கணினி நூல்களுக்குக் கூறு போதுமாக இருக்கலாம், கட்டடத்துக்குப் போதாது. தொகுதி என்பது சேர்ந்த கூட்டம்; சட்டமன்றத் தொகுதி ஒன்றின் பரப்பும் மற்றொன்றின் பரப்பும் பொருந்த வேண்டிய தேவையே இல்லை. அலகு அளவைச் சொல்கிறது, ஆனால் மூட்டைச் சொல்லவில்லை. தவிர, அது ஏற்கெனவே மீட்டருக்கும் கிலோவுக்கும் உரிய சொல்லாகிவிட்டது.

கட்டகம் மட்டுமே மூட்டையும் சேர்த்துச் சொல்கிறது. அதன் பகுதியான கட்டு, பிணைத்தலையும் எழுப்புதலையும் ஒருசேரக் குறிக்கும் வினை. பெயராக வரும்போது அது வீட்டின் ஒரு பகுதியையும் குறிக்கிறது: முன்கட்டு, பின்கட்டு, இரண்டாம் கட்டு. நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்து நாற்புறமும் தாழ்வாரம் இறக்கிய கொங்குப் பண்ணை வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு என்கிறோம். வீட்டின் பகுதி, பகுதிகளின் பிணைப்பு, கட்டும் செயல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் முன்பே இருக்கின்றன. பெட்டகம் என்பதன் ஓசையை ஒத்திருப்பதால் கட்டகம் காதுக்கும் அயலாக இல்லை. பயிற்சிக் கட்டகம் என்று ஆசிரியர்கள் இதைப் பல ஆண்டுகளாகப் புழங்கியும் வருகிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. மாடுலர் கட்டடம் என்பதை அப்படியே ‘கட்டகக் கட்டடம்’ என்றால் நாக்கு இடறும். கட்டக மனை என்று சொல்லலாம் என்பது என் கருத்து. மனை என்பது வீட்டையும் குறிக்கும், கோவைக்காரர்கள் ‘சைட்’ என்கிற நிலத்துண்டையும் குறிக்கும். ஒவ்வொரு கட்டடமும் தனக்கெனக் குமிழ் நிலத்தோடு வருகிற இந்த வரிசைக்கு அது இரட்டிப்பாகப் பொருந்துகிறது. மற்ற உறுப்புகளுக்குக் கட்டை, தகடு, குமிழ், ஊசி, பிரிப்பான் என்பவை தாராளமாகப் போதும்.

சொல்லின் பொருளை இவ்வாறு அளவும் மூட்டும் என்று பிடித்துக்கொண்டால், இத்தகைய தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவோர் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிறது. உறுப்புகளின் எண்ணிக்கையால் விலையை வகுத்து ஓர் உறுப்புக்கு இத்தனை ரூபாய் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது; ஒரு குமிழ் அளவுள்ள சின்னஞ்சிறு தகடுகளை நூற்றுக்கணக்கில் போட்டால் அந்தக் கணக்கு எளிதில் ஏமாற்றிவிடும். அதைவிட, நடைபாதை பக்கத்து மனையோடு ஒரே மட்டத்தில் சேர்கிறதா, மேல்தளத்தைத் தூக்கும்போது கீழ்ச்சுவர் கூடவே வருகிறதா, தூக்கிய பின் உள்ளறை கைவிட்டு அடுக்கும் அளவுக்குத் திறந்திருக்கிறதா, மூலை மனையாக இருந்தால் இரு தெருவுக்கும் முகம் காட்டுகிறதா என்பவற்றை எழுதலாம். முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அண்டை மனையோடு சேராத கட்டடத்தை நல்ல பொம்மை என்று பாராட்டலாம். கட்டக மனை என்று சொல்ல இயலாது.

சுவிட்ச்சுக்கும் சமையலறைக்கும் இச்சொல்லைப் பரிந்துரைக்கத் தயக்கமில்லை: கட்டகச் சுவிட்ச், கட்டகச் சமையலறை. கடையில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் ‘மாடுலருங்களா?’ என்று திருப்பிக் கேட்பார். ஆமாம் என்றால் பொருள் கிடைத்துவிடும்.