டயாலிசிஸ்: சொல்லின் வேரும் ‘ஊடுபகுப்பு’ என்ற தமிழும்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்யும் சிகிச்சைக்கு டயாலிசிஸ் என்று பெயர். பள்ளிப் பக்கம் போகாதவர்கூட இந்தச் சொல்லைச் சரளமாகச் சொல்கிறார். அதன் பொருள் என்ன என்று கேட்டால் பலர் ‘ரத்தத்தைச் சுத்தம் பண்றது’ என்பார்கள். சிலர் ‘ரத்தம் மாத்துறது’ என்பார்கள். முன்னது பாதி சரி, பின்னது முழுத் தவறு. நோயாளியின் ரத்தமே குழாய் வழியாக வெளியே வந்து, கருவிக்குள் சுற்றி, அவர் உடம்புக்கே திரும்பிப் போகிறது. வேறொருவர் ரத்தத்துக்கு அங்கே வேலையில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிற தமிழ்ச் சொல் எது என்று பார்ப்பதற்கு முன், மூலச்சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

டயாலிசிஸ் கிரேக்கச் சொல். ‘டயா’ என்றால் ஊடாக, வேறாக. ‘லைசிஸ்’ என்றால் தளர்த்துதல், அவிழ்த்தல். பழைய கிரேக்கத்தில் கூட்டம் கலைவதற்கும், கடனைத் தீர்ப்பதற்கும், பகை ஓய்வதற்கும் இதே சொல் வழங்கியது. சேர்ந்திருந்த ஒன்று தனித்தனியாகப் பிரிவதுதான் இவற்றுக்கெல்லாம் பொதுவான கருத்து.

அதை அறிவியலுக்குக் கொண்டுவந்தவர் மருத்துவர் அல்லர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிரகாம் என்ற வேதியியலாளர். ஆண்டு 1861. கந்தக அமிலத்தில் தோய்த்துப் பதப்படுத்திய காகிதத்தை அவர் ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டி, நீரின் மேல் மிதக்கவிட்டு, அதற்குள் கரைசல்களை ஊற்றிப் பார்த்தார். உப்பு, சர்க்கரை போலப் படிகமாகும் பொருள்கள் காகிதத்தைத் தாண்டி வெளிநீருக்குப் போயின. பசை போன்ற பொருள்கள் உள்ளேயே தங்கின. தங்கியவற்றுக்கு ‘கொலாய்டு’ என்று பெயர் வைத்தார். நாம் கூழ்மம் என்கிறோம். பிரியும் நிகழ்வை டயாலிசிஸ் என்றார். அவர் சோதித்த நீர்மங்களில் சிறுநீரும் ஒன்று. ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, வெளிநீரை வற்றவைத்து, அதிலிருந்து யூரியாவைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் எந்தப் பொருளை அகற்றுவதற்காக நோயாளிகள் படுக்கையில் காத்திருக்கப்போகிறார்களோ, அதே பொருள் அன்றைக்கே அந்தக் காகிதத்தைத் தாண்டியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, சிறுநீரகத்துக்கு வருவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு ஒன்று. அங்கே ரத்த அழுத்தத்தால் நீரும் சிறு மூலக்கூறுகளும் வடிகின்றன. ஒரு நாளில் இப்படி வடிவது ஏறக்குறைய 180 லிட்டர். அதில் 99 விழுக்காட்டை நெஃப்ரானின் நீண்ட குழல் மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சும் ஒன்று, ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்க்குழாய் வழியாகப் பைக்கு இறங்குகிறது. இதோடு வேலை முடியவில்லை. சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின், ரத்த அழுத்தத்தை ஆளும் ரெனின் இரண்டையும் சிறுநீரகம் சுரக்கிறது. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுவதும் அதுவே.

இவற்றில் டயாலிசிஸ் கருவி செய்வது எவ்வளவு? கருவியின் வடிகலத்தில் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைக்குழல்கள் இருக்கின்றன. குழலுக்குள் ரத்தம் ஓடுகிறது. வெளியே எதிர்த்திசையில் ஒரு நீர்மம் ஓடுகிறது. நடுவே குழலின் சுவர்தான் சவ்வு. யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகளும் மிகுதியான பொட்டாசியமும் செறிவு கூடிய ரத்தத்திலிருந்து செறிவு குறைந்த நீர்மத்துக்குப் போகின்றன. ரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் தாண்ட முடியாமல் நின்றுவிடுகின்றன. அதே நேரத்தில் நீர்மத்திலிருக்கும் பைகார்பனேட் ரத்தத்துக்குள் வந்து, தேங்கிப்போன அமிலத்தைத் தணிக்கிறது. ஆக, போக்கும் வரவும் இரண்டும் உண்டு. உடம்பில் தேங்கிய நீரை அழுத்த வேறுபாட்டால் தனியாக இழுக்கிறார்கள். பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஓர் அமர்வுக்குச் சுமார் 120 லிட்டர் நீர்மம் ஓடிவிடும். எரித்ரோபாய்டினைக் கருவியால் சுரக்க முடியாது. அதனால்தான் டயாலிசிஸ் எடுத்துக்கொள்பவர்களுக்கு ரத்தசோகைக்கு ஊசியும் தனியாகப் போட வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்திலிருந்து மனித உடம்புக்கு இந்தச் சொல் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1924-இல் ஜெர்மனியில் கேயார்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்து பார்த்தார். 1943-இல், நெதர்லாந்து ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, வில்லெம் கோல்ஃப் செல்லோபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி ஒரு கருவி அமைத்தார். தொடக்கத்தில் வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல் நினைவிழந்த நிலையில் வந்த 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். அப்போதும் ஒரு தடை இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும். சில முறைக்குப் பின் திறக்க இடமே இருக்காது. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்லான் குழாயைக் கையில் நிலையாகப் பொருத்திய பிறகுதான் ஆண்டுக்கணக்கில் தொடர வழி பிறந்தது. இப்போது பெரும்பாலும் கையிலுள்ள தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்துவிடுகிறார்கள். ‘ஃபிஸ்டுலா’ என்பது அதைத்தான். அந்த இடத்தில் விரலை வைத்தால் ‘விர்’ என்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி குத்தவோ கூடாது.

இந்த நிலைக்குக் கொண்டுவிடும் காரணங்களில் முதலிடம் நீரிழிவுக்கு, அடுத்தது உயர் ரத்த அழுத்தத்துக்கு. நெஃப்ரானின் முடிச்சுகளில் வரும் அழற்சி, பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய், கவனிக்காமல் விட்ட கல்லடைப்பு, கண்டபடி விழுங்கிய வலி மாத்திரைகள் என்று பட்டியல் நீளும். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு 5 நிலைகள் உண்டு. வடியும் வேகம் நிமிடத்துக்கு 15 மில்லி லிட்டருக்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து டயாலிசிஸ் தொடங்குவதில்லை; மூச்சுத்திணறல், அடங்காத வாந்தி, ஏறும் பொட்டாசியம் இவற்றையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது’ என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. கடும் வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி போன்றவற்றால் திடீரென்று சிறுநீரகம் நின்றவர்களில் பலருக்கு அது தற்காலிகத் தேவைதான். சிறுநீரகம் தேறியதும் நிறுத்திவிடலாம்.

இனி தமிழ்ச் சொல். ‘ரத்தச் சுத்திகரிப்பு’ எளிதாகப் புரிகிறது, உண்மைதான். ஆனால் அது இரண்டு தவறான எண்ணங்களுக்கு இடம் கொடுக்கிறது. சுத்தம் செய்துவிட்டால் நோய் போய்விடும் என்பது ஒன்று. ‘ரத்தத்தைச் சுத்தமாக்கும்’ என்று சொல்லி விற்கிற கஷாயமும் இதே வேலையைச் செய்யும் என்பது மற்றொன்று. இரண்டாவதை நம்பி மருத்துவமனையை விட்டுவிட்டவருக்கு நேரும் கேடு சிறியதல்ல. வேதியியல் பாடநூல்களில் உள்ள ‘கூழ்மப்பிரிப்பு’ கிரகாமின் சோதனைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். நோயாளியிடம் சொன்னால், உடம்பிலிருந்து கூழ் எதையோ எடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். எடுக்கப்படுவதோ கூழ்மமே அல்லாத யூரியா.

என் தேர்வு ‘ஊடுபகுப்பு’. சவ்வின் ஊடாக நடக்கும் பகுப்பு. ஊடுருவு, ஊடுகதிர் என்று ‘ஊடு’ நமக்குப் பழக்கமானது. மின்பகுப்பு, நீர்ப்பகுப்பு ஆகியவற்றில் ‘லைசிஸ்’ ஏற்கெனவே ‘பகுப்பு’ என்றுதான் வந்திருக்கிறது. அந்த வரிசையில் இதுவும் இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது. கிளைச்சொற்களும் சிக்கலில்லாமல் பிறக்கின்றன. கருவி வழியே செய்வது குருதி ஊடுபகுப்பு. வயிற்றுக்குள் நீர்மத்தை நிரப்பி, அங்குள்ள உறையையே சவ்வாகப் பயன்படுத்துவது வயிற்றுறை ஊடுபகுப்பு. வீட்டிலேயே நாளுக்கு நான்கு முறை போல நீர்மத்தை மாற்றிக்கொள்ளும் முறை இதில் உண்டு. கருவியில் ஓடும் நீர்மம் ஊடுபகுப்பு நீர்மம், வடிகலம் ஊடுபகுப்பான்.

மருத்துவமனை வரவேற்பில் போய் ‘ஊடுபகுப்பு எங்கே?’ என்று கேட்கச் சொல்லவில்லை. அங்கே டயாலிசிஸ் என்றே கேளுங்கள். நோயாளிக் கையேடு, செய்தி, பாடம் எழுதுபவர்கள் முதல் இடத்தில் ‘டயாலிசிஸ் எனப்படும் ஊடுபகுப்பு’ என்று எழுதிவிட்டு, அப்புறம் ஊடுபகுப்பு என்றே தொடரலாம்.