இங்கிலாந்தில் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்ததும் செக்கப் இப்போது எப்படி?

"இனி அப்பாயின்ட்மென்ட் கிடையாது, ஏதாவது என்றால் நீங்களே கூப்பிடுங்கள்." இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பலருக்கும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. கைகழுவிவிட்டார்களோ என்று பயம் வருவது இயல்பு. ஆனால் செக்கப் நின்றுவிடவில்லை, நடக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

முன்பெல்லாம் யாராக இருந்தாலும் குறித்த மாதத்தில் கிளினிக்குக்குப் போய் டாக்டரைப் பார்த்துவர வேண்டும். நோய் திரும்பியதோ பல நேரங்களில் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில், நோயாளியின் கண்ணில்தான் முதலில் பட்டது. அதனால் அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கவனிக்க இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் 2019-இல் வெளியிட்ட நீண்டகாலத் திட்டத்தில் முடிவானது. மார்பகப் புற்றுநோய்க்கு 2019, புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி), பெருங்குடலுக்கு 2020, பொருந்தக்கூடிய மற்ற வகைகளுக்கு 2023 என்று இலக்கு வைத்தார்கள்.

டெஸ்டுகள் தொடரும். மார்பகம் என்றால் ஐந்து ஆண்டுகளுக்கு வருடாவருடம் மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே. புரோஸ்டேட்டுக்கு, அந்தச் சுரப்பியிலிருந்து வரும் புரதத்தை அளக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. பெருங்குடலுக்கு முதல் மூன்று ஆண்டுகளில், நோய் திரும்பினால் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும். முடிவு கடிதத்திலோ போனிலோ வரும். நடுவில் புதிதாக ஒரு கட்டி, விடாத வலி என்று எது வந்தாலும் உங்களுக்குத் தந்திருக்கும் எண்ணில் சிறப்பு நர்ஸைக் கூப்பிடலாம். தேவையென்றால் அவரே கிளினிக்குக்கு வரச்சொல்வார்.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இங்கேதான். "நர்ஸை எதற்குத் தொந்தரவு செய்வது" என்று தயங்குபவர், போனில் ஆங்கிலம் பேசக் கூச்சப்படுபவர் எல்லாம் பின்தங்கிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே கேட்கலாம், மகளையோ மருமகனையோ பேசவைக்க வேண்டியதில்லை. இந்த முறை தனக்கு ஒத்துவராது என்று தோன்றினால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புற்றுநோயின் வகை, திரும்பும் வாய்ப்பு, பக்கவிளைவுகளோடு, நீங்களாகவே சமாளிக்க முடியுமா என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சை முடியும்போது சிகிச்சை நிறைவுச் சுருக்கம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். என்ன சிகிச்சை நடந்தது, எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும், அடுத்த டெஸ்ட் எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் ஜிபிக்கும் (குடும்ப டாக்டர்) ஒரு பிரதி போகும். அப்புறம், தேவைகளை மதிப்பிட ஒரு படிவம் தருவார்கள். தூக்கம், பணம், வேலை, பயம், தாம்பத்தியம் வரை அதில் கேள்விகள் உண்டு. நம்மவர்கள் பலர் எல்லாவற்றுக்கும் 'பிரச்சினை இல்லை' என்று டிக் அடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் உதவி கேட்கும் வாய்ப்பு வீணாகிவிடும்.

மருந்துச் செலவு பற்றியும் ஒன்று. புற்றுநோய்க்கோ அதன் பின்விளைவுக்கோ சிகிச்சையில் இருந்தால் ஜிபியிடம் எஃப்பி92ஏ படிவம் கேளுங்கள். அதில் கிடைக்கும் விலக்குச் சான்று ஐந்து ஆண்டு செல்லும். வேறு நோய்க்கு எழுதித் தரும் என்எச்எஸ் மருந்துக்கும் அது இருந்தால் கட்டணம் கிடையாது.

டெஸ்டுக்கான கடிதம் வரவேண்டிய மாதம் தாண்டியும் வரவில்லையென்றால், காத்திருக்காமல் அதே எண்ணில் கூப்பிட்டு விசாரியுங்கள்.